வாசல் அடைபடும் முன்

யூத வருடத்தின் கடைசி மாதமான எலுல் பிறந்துவிட்டால் ரெய்னாவுக்குத் தூக்கம் போய்விடும். விடிவதற்கு முன்பே ஜெபக்கூடத்துப் பணியாள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, மன்னிப்புத் துதிகள் பாட ஆண்களை எழுப்பிக்கொண்டு போவான். துதி முடிந்ததும் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். ஜெருசலேமில், மஹனே யெஹூதா சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வளவில் பல குடும்பங்களுக்கு ஒரே முற்றம், ஒரே மழைநீர்த் தொட்டி. கொம்புச் சத்தம் கேட்டதும் மற்றப் பெண்கள் எழுந்து அடுப்பை மூட்டுவார்கள். ரெய்னா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். யாரோ தன் பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வருவது போல அவளுக்கு இருக்கும்.

அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளியாகப் பிறந்தவள் அல்ல. ஜெருசலேம் முற்றுகையில் கிடந்த வருடம், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வண்டிக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றவள். ஆட்டு ரோமத்தை அடைத்து மெத்தை தைப்பது அவள் தொழில். கணவன் ஓவடியா கல் கொத்துகிறவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டேன் என்று அவனைக் கேலி செய்வாள். அந்தச் சிரிப்பெல்லாம் குழந்தைகள் தங்காமல் போனதோடு நின்றது.

முதலாவது சீக்கிரமே கலைந்துவிட்டது. அதை எப்படியோ தாங்கிக்கொண்டாள். இரண்டாவது வயிற்றில் நன்றாக அசைந்துகொண்டிருந்தது. அந்த வருடம் கிப்பூர் நாளில், தண்ணீர்கூடத் தொடாமல் பாவமன்னிப்புக் கேட்கும் அந்த விரத நாளில், ஜெபக்கூடத்தின் பெண்கள் மாடத்தில் நின்றுகொண்டிருந்தவள் மாலையில் மயங்கி விழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கீழே தூக்கிவந்து சீனித் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். கண் திறந்தபோது உள்ளே கடைசித் தொழுகை நடந்துகொண்டிருந்தது. வானத்து வாசல்கள் அடைபடும் நேரத் தொழுகை அது. வருடப் பிறப்பன்று எழுதிய தீர்ப்புக்கு முத்திரை விழுகிற நேரம். ஊரே பட்டினியோடு நிற்க, அவள் வாய் நிறையச் சீனித் தண்ணீர். சில வாரங்களில் அந்தக் குழந்தையும் போய்விட்டது.

யாரிடமும் சொல்லாமல் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். குடித்தாள், அதனால் மேலே இருப்பவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மூன்றாவது முறை கருத்தரித்தபோது வயிறு தெரியும்வரை வாயே திறக்கவில்லை. தொட்டிலோ துணியோ வாங்க விடவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதையும் சேர்த்து வைப்பது அங்கே யாருக்கும் வழக்கமில்லை. ஆனால் ரெய்னா அதையும் தாண்டிப் போனாள். 'குழந்தை' என்ற சொல்லையே சொல்ல மாட்டாள். "அது," "உள்ளே இருக்கிறது" என்பதோடு சரி. கிப்பூர் வரும்போது ஏழாவது மாதம் நடக்கும் என்று அவளே கணக்குப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓவடியாதான் வற்புறுத்தி அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்தவர் டாக்டர் லீப்மான். ஜெர்மனியிலிருந்து வந்தவர், ஒல்லி, கடுகடுத்த முகம். நெருப்பே தொடக்கூடாத ஓய்வுநாளில் பால்கனியில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்கப் பைப் பிடிப்பவர் என்று வளவு முழுக்கப் பேர் வாங்கியிருந்தார். அவர் அவளைச் சோதித்து, பழைய கதையெல்லாம் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா உனக்குக் கர்ப்பப்பை இறுகுது. போன தடவை நீ குடிச்சதால போகலை. ரொம்ப நேரம் குடிக்காம இருந்ததால போச்சு. இந்தக் கிப்பூருக்கு நீ சாப்பிடணும், குடிக்கணும். இதுல பேச்சுக்கே இடம் இல்லை."

ரெய்னா தலையாட்டினாள். வெளியே வந்ததும் ஓவடியாவிடம், ஓய்வுநாளில் நெருப்பைத் தொடுகிறவர் வேறு என்ன சொல்வார் என்று மட்டும் கேட்டாள்.

ஓவடியா விடவில்லை. அன்றே ஹாகாம் யோம்தோவிடம் போனான். அவர்கள் பேட்டையில் எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். கோழி ஈரலில் புள்ளி இருந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அவர்தான். டாக்டர் சொன்னதை அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாராம். அந்த டாக்டர் விரதம் இருக்கிறவரா இல்லையா என்று கேட்கவே இல்லையாம். ஓவடியா வீட்டுக்கு வந்து, கல்தூசியைக்கூடத் தட்டாமல், அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். பேரீச்சம்பழத்தைவிடச் சின்னத் துண்டாகச் சாப்பிட வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு அடுத்தது. தண்ணீரும் அப்படியே, ஒரு கன்னம் நிறையாத அளவு.

"'சாப்பிடணும்னு விதிச்சவ சாப்பிடாம கிடந்தா அது விரதம் இல்லை, ரத்தம் சிந்துறது'ன்னார். உயிரைக் காப்பாத்துறதுக்கு முன்னால கிப்பூரும் ஒதுங்கி நிக்குமாம். உனக்கு அன்னிக்குச் சாப்பிடறதுதான் கட்டளை, ரெய்னா."

"அவருக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"இல்ல... மேல இருக்கறவருக்கும் அது தெரியுமான்னு கேட்டேன்."

ஓவடியா துண்டை எடுத்துக்கொண்டான். முகம் கழுவப் போய்விட்டான்.

அந்த வருடம் சீனி, முட்டை, இறைச்சி எல்லாமே ரேஷன். கிப்பூருக்கு முன்னால் ஆளுக்கொரு கோழியைத் தலையைச் சுற்றி, இது எனக்குப் பதில் என்று சொல்லி அறுக்கக் கொடுப்பார்கள். கர்ப்பிணி என்றால் அவளுக்கு ஒரு பெட்டை, உள்ளே இருப்பது ஆணோ பெண்ணோ தெரியாததால் அதற்கு ஒரு சேவலும் பெட்டையும். ஓவடியா சந்தை முழுக்க அலைந்து கொண்டுவந்தது ஒரே ஒரு கிழட்டுப் பெட்டை. அது ரெய்னாவுக்கு ஆயிற்று. குழந்தைக்காகக் கைக்குட்டையில் காசு முடிந்து அவள் வயிற்றுக்கு மேல் சுற்றினான். அதுவும் செல்லும் என்று ஹாகாம் சொல்லியிருந்தார். ஆனால் ரெய்னாவின் மனம் அதிலேயே சிக்கிக்கொண்டது. தனக்குப் பதிலாக ஓர் உயிர் போயிற்று. உள்ளே இருப்பதற்குப் பதிலாக எந்த உயிரும் போகவில்லை. அப்படியென்றால் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

விரதத்துக்கு முந்தைய நாள் வளவில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மனிதனுக்கு மனிதன் செய்ததை மனிதன் மன்னிக்காமல் மேலே இருந்து மன்னிப்புக் கிடைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. எதிர்வீட்டு பெஹோராவும் வந்தாள். சந்தையில் கோழி அறுக்கும் இடத்தில் இறகு பிடுங்குகிறவள், விதவை, பிள்ளை குட்டி இல்லை, குரல் மட்டும் பத்துப் பேருக்குக் காணும்.

"என் கண்ணே, இந்த வருஷம் உன்னைப் பத்தி ரெண்டு மூணு தடவை பேசியிருக்கேன். மன்னிச்சிடு."

"என்ன பேசினீங்க அக்கா?"

"அதைச் சொன்னா நீ மன்னிக்க மாட்டே. மொத்தமா மன்னிச்சிடு."

ரெய்னா பல நாளைக்குப் பிறகு அன்று சிரித்தாள். பதிலுக்கு அவளும் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. மறுநாள் செய்யப்போவதற்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் அவள் முடிவு எடுத்திருந்தாள். வாயில் பச்சைத் தண்ணீர் படப்போவதில்லை.

கிப்பூர் காலையில் ஓவடியா வெள்ளை உடுத்து, கிப்பூரில் ஆகாத தோல் செருப்பை ஒதுக்கிவிட்டுத் துணிச் செருப்பு போட்டுக்கொண்டு, தொழுகைச் சால்வையோடு கிளம்பினான். ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக முந்தைய நாளே வெட்டித் தட்டில் மூடி வைத்திருந்தான். பக்கத்தில் தண்ணீர்க் கூஜா. ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான். அவன் காலடிச் சத்தம் தெருவில் மறைந்ததும் ரெய்னா ஒரு துண்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். கொஞ்சம் தண்ணீரைச் சன்னலில் வாசனைக்கு வளர்த்த ரூதாச் செடித் தொட்டியில் ஊற்றினாள். சற்று நேரம் கழித்து அடுத்த துண்டு, அடுத்த மடக்கு. உண்மையிலேயே சாப்பிடுகிறவள் மாதிரி இடைவெளி விட்டுத்தான் செய்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை. யாரை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் ஏறியது. தெருவில் வண்டிச் சத்தம் இல்லை, குழந்தைகள் குரல்கூட அடங்கியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரூதா இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டாள். விரதத்தில் அதற்குத் தடை இல்லை. விரதம் முடிந்ததும் குடிப்பதற்கு முலாம்பழ விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலை ஜாடியில் மூடி வைத்திருந்தாள். கோடை முழுக்க விதை விதையாகச் சேர்த்து வைத்தது. அதன் வாசனை அறை முழுக்கச் சுற்றியது.

மதியம் தாண்டியபோது வயிறு ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு விட்டது. மறுபடி இழுத்தபோது கையை வைத்துப் பார்த்தாள். ஓவடியா கொத்துகிற கல் மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து உள்ளே அசைவே இல்லை.

அவள் கத்தவில்லை. மெதுவாக மல்லாந்து படுத்தாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள். விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு குதிகால் வந்து விலாவில் இடிக்கும். இன்று ஒன்றுமில்லை. மூடிய தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கக் கை நீளவில்லை. இவ்வளவு நேரம் தாங்கியதை இப்போது உடைத்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்று தோன்றியது. வாசல் அடைபடுவதற்குள் ஜெபக்கூடத்துக்குப் போய் நேரிலேயே கேட்டுவிட வேண்டும். வேறு யோசனை எதுவும் அவளுக்கு ஓடவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முடிச்சோடு இருந்த கைக்குட்டையை வீட்டில் விட்டுவைக்கப் பயந்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.

பெண்கள் மாடத்துக்குப் போகும் படிக்கட்டு ஜெபக்கூடத்தின் வெளி முற்றத்தில் இருந்தது. முதல் படியில் கால் வைத்ததும் வயிறு மறுபடி இறுகியது. அங்கேயே கல்மேடையில் உட்கார்ந்துவிட்டாள். மாடத்திலிருந்து அவளைப் பார்த்த பெஹோரா தடதடவென்று இறங்கி வந்தாள். இடுப்பைப் பிடித்து நிமிர்த்தும்போது கைக்குட்டை நழுவி, முடிச்சு அவிழ்ந்து, காய்ந்த ரொட்டித் துண்டுகள் தரையில் உருண்டன.

பெஹோரா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஓவடியா வெட்டி வெச்சது மொத்தமும் இங்கதான் இருக்கா?"

ரெய்னா கைக்குட்டையை இழுத்துத் துண்டுகளை மூடப் பார்த்தாள்.

"தண்ணியாவது குடிச்சியா?"

"ரூதாவுக்கு ஊத்திட்டேன்."

"செடி பிழைச்சுக்கும். நீ?"

ரெய்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அசையவில்லை என்று மட்டும் சொன்னாள். பெஹோராவின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனதை அவள் பார்த்தாள். இத்தனை வருடத்தில் பெஹோரா பயந்து அவள் பார்த்ததே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

பெஹோரா ஆண்கள் பக்கம் பார்த்து ஓவடியாவைக் கூப்பிட வாயெடுத்தபோது, முற்றத்து வெளிவாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. டாக்டர் லீப்மான். உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாதவர் போல ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தார். பெஹோரா கையை வீசிக் கூப்பிட்டதும் ஓடி வந்தார். ரெய்னாவின் உதட்டைப் பார்த்தார். தரையில் கிடந்த ரொட்டியைப் பார்த்தார். நாடியைப் பிடித்துக்கொண்டே, கோட்டுப் பையிலிருந்து ஒரு மரக்குழலை எடுத்தார். பெஹோரா தன் சால்வையை விரித்து மறைத்தாள். அவர் குழலின் ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே ஆண்கள் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. ரெய்னா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் குழலை நகர்த்தினார். இன்னொரு இடம். இன்னொரு இடம். அவர் நெற்றி சுருங்கியது. எதையாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவள் பார்வையைத் திருப்பித் தரையைப் பார்த்தாள். அப்போது அவர் கால் கண்ணில் பட்டது. எப்போதும் பளபளக்கும் தோல் பூட்ஸ் போடுகிற மனிதர். இன்றைக்குக் காலில் பழைய கான்வாஸ் செருப்பு.

"இருக்கு," என்றார் டாக்டர். "துடிப்பு இருக்கு. ரொம்ப வேகமா ஓடுது. சுகம் இல்லை, ஆனா இருக்கு. இப்பவே குடிக்கணும்."

பெஹோரா தண்ணீர் எடுத்து வந்தாள். குவளை வாய்க்கு அருகில் வந்ததும் ரெய்னாவின் பல் தானாகக் கிட்டிக்கொண்டது.

"ஹாகாம் சொன்னார், நான் சொன்னேன். நீ யார் சொன்னாத்தான் கேப்பே?" என்றார் டாக்டர்.

"எனக்குப் பயமா இருக்கு டாக்டர். போன தடவை இதே இடம், இதே நேரம். குடிச்சேன், எடுத்துக்கிட்டார். குடிக்காட்டி நீங்க சொல்றபடி ஆகும். எந்தப் பக்கம் போனாலும் போகுது."

டாக்டர் உதட்டை நக்கிக்கொண்டார். அவர் உதடும் வெடித்து வெளுத்திருந்ததை அப்போதுதான் பெஹோராவும் கவனித்தாள். குவளையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் தலையை அசைத்து, இன்றைக்கு வேண்டாம் என்றார்.

ரெய்னா மெதுவாகக் கேட்டாள். "நீங்களும் விரதமா?"

"ஆமா."

"உங்களுக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு..."

"இல்லைதான்." குழலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "எங்க ஊர்ல வருஷத்துல இந்த ஒரு நாள் எங்க அப்பா பக்கத்துல நிப்பேன். அவரை முகாமுக்குக் கொண்டுபோனாங்க, திரும்பி வரலை. எந்த மண்ணுல கிடக்கார்னுகூடத் தெரியாது. நான் இன்னிக்குச் சாப்பிட்டுட்டா அவருக்கு மகனே இல்லைன்னு ஆயிடும். உள்ள போய்த் தொழ எனக்கு வாய் வராது. காலையிலிருந்து தெருத் தெருவா சுத்திக்கிட்டிருக்கேன். உன் ஞாபகம் வந்துச்சு, இந்தப் பக்கம் வந்தேன்." பிறகு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னார். "பட்டினி கிடக்கறவன் சொல்றேன். நீ சாப்பிடு."

ரெய்னா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

முதல் மடக்கு தொண்டையில் இறங்கியது. பெஹோரா ஒரு ரொட்டித் துண்டின் தூசியை ஊதி, அவள் விரலுக்குள் வைத்து, பூமியிலிருந்து அப்பத்தை விளைவிக்கிறவருக்கான துதியைச் சொல் என்றாள். ரெய்னாவுக்கு வார்த்தை குழறியது. பெஹோரா சொல்லச் சொல்லக் கூடவே சொன்னாள். மாடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி படியில் நின்று, இந்த நேரத்தில் ரொட்டியா என்பது போல முறைத்தாள்.

"என்ன பார்வை? மேல போ. உன் கணக்கையே முடிக்க அவருக்கு நேரம் பத்தாது," என்றாள் பெஹோரா.

ஒரு துண்டு, ஒரு மடக்கு. காத்திருப்பு. மறுபடி ஒரு துண்டு. பெஹோரா ரெய்னாவின் வீட்டுக்கு ஓடி விதைப்பால் ஜாடியைக் கொண்டுவந்தாள். உள்ளே, ஆண்டவரே கடவுள் என்று கூட்டம் திரும்பத் திரும்ப முழங்கியது. பிறகு விரதம் முடிந்ததைச் சொல்லும் கொம்பு. நீண்ட ஒரே ஊதல். ரெய்னாவின் வாயில் அப்போது ரொட்டி இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தன் மேல் விழப்போவதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. ஆண்கள் செருப்புச் சத்தத்தோடு வெளியே வந்தார்கள். ஓவடியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரொட்டித் தூளும் டாக்டரும் பால் ஜாடியுமாகக் கிடந்த அந்தக் காட்சியைப் பார்த்து, எதுவும் புரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பெஹோரா இப்போது டாக்டரிடம் ஒரு குவளை நீட்டினாள். அவர் நின்றபடியே குடித்தார். வயிற்றின் இறுக்கம் தளர வெகு நேரம் பிடித்தது. உள்ளே இருப்பது முதலில் அசைந்தபோது ரெய்னா யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஆனால் பயம் அதோடு போய்விடவில்லை. கிப்பூருக்குச் சில நாள் கழித்து, கூடாரப் பண்டிகையின் கடைசியில் ஒரு ராத்திரி வரும். தீர்ப்பு ஓலை அன்றுதான் கையை விட்டுப் போகிறது என்பார்கள். நிலா வெளிச்சத்தில் தன் நிழலில் தலை தெரியாதவர்கள் அந்த வருடம் தாண்ட மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அன்று ரெய்னா சன்னலை எல்லாம் சாத்தி, இருட்டிலேயே இருந்தாள். முற்றத்துக் கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை.

பெண் குழந்தை, குளிர்காலத்து ஹனுக்காப் பண்டிகையின் விளக்குகள் ஏற்றிய வாரத்தில், நாள் ஆவதற்கு முன்னாலேயே பிறந்தது. மழை பெய்து தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம் முதுகு, அழக்கூடத் தெம்பில்லை, மார்பில் வைத்தால் வாய் வைக்காமல் தூங்கிப்போகும். டாக்டர் நாள்தோறும் வந்து, துளித் துளியாகப் பால் ஊட்டச் சொல்லிக்கொடுத்தார். ஊட்டினார்கள். இருந்தும் அதன் உதடு நீலம் பூத்தது. அப்போது பெஹோரா ஓவடியாவைத் தனியே கூப்பிட்டு, பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிற காரியத்தைச் செய்துவிடலாம் என்றாள். டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பெஹோரா வெளியிலிருந்து அவர்கள் சன்னலைத் தட்டினாள்.

"இந்த வீட்டுல விக்கிறதுக்குப் பிள்ளை ஏதும் இருக்கா?"

பதிலைத் தாய்தான் சொல்ல வேண்டும். மரண தூதன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். ரெய்னா குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓவடியா அவள் தோளைத் தொட்டான்.

"இருக்கு," என்றாள் ரெய்னா. "நோஞ்சான். எங்களுக்கு வேண்டாம். கொண்டு போங்க."

பெஹோரா ஒரு காசைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் குழந்தையைச் சன்னல் வழியாக வாங்கிக்கொண்டாள். சால்வைக்குள் பொத்தி, மழையில் முற்றத்தைச் சுற்றி நடந்து, வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

"இது என் பிள்ளை. எனக்குப் பால் இல்லை. நீ குடு, கூலி தர்றேன்."

அன்றிலிருந்து குழந்தையின் பெயர் மெர்காதா, விலைக்கு வாங்கப்பட்டவள் என்று அர்த்தம். ரெய்னாவின் வீட்டில் பிள்ளை கிடையாது. தேடி வருகிறவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ரெய்னா கூலிக்குப் பால் கொடுக்கிறவளாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை மெல்ல மெல்ல வாய் வைத்தது.

மெர்காதா வளர்ந்தாள். பெஹோராவின் குரலும் அவளுக்கு வந்துவிட்டது என்று வளவில் சொல்வார்கள். கல்யாணம் நிச்சயமானபோது, இப்படி விற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் காசு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வதுதான் முறை என்று ஓவடியா நினைவுபடுத்தினான். பெஹோராவும் சரி என்றாள். ரெய்னா மட்டும் ஒப்பவில்லை. இப்படியே இருக்கட்டும், யாரும் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளுக்கான மெத்தையைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாண விதானத்துக்குக் கீழே மணப்பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் பெஹோராதான். ரெய்னா ஓர் அடி தள்ளி வந்தாள். விருந்தாளிகளில் சிலர், பெண்ணின் தாய் யார் என்று விசாரித்தார்கள். ஓவடியா திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் பெஹோராவைக் காட்டினாள்.